குளியலறைக் குழாயில் ஒளிந்திருக்கும் கைக்கூலி

 

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய நம் கடற்கரை ஊர்களிலும், இலங்கையின் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலும் மணமகன் மணமகளின் வீட்டிற்கு வந்து வாழும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் அதனோடு சேர்ந்தே வந்தது. பெண் தன் தாயை விட்டுப் பிரியாமல், தனக்குப் பழகிய தெருவிலேயே குடும்பம் நடத்துகிறாள். இதில் நன்மைகள் பல உள. இவ்வழக்கத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவ்வீட்டின் தரைக்கல்லையும் குழாயையும் கதவையும் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதே நம் வினா.

கைக்கூலியாகப் பணம் கேட்பது இன்று பல இடங்களில் வெட்கத்திற்குரியதாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் கேட்கும் ஆசை அழியவில்லை. கேட்கும் முறைதான் மாறியது. "எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று கூறிவிட்டு, பூச்சு வேலை முடிந்த வாரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் "வீடு பார்க்க" வருகின்றனர். "தரைக்கு வெறும் டைல்ஸ்தானா?", "மாப்பிள்ளை அறையில் பாத்ரூம் இவ்வளவு சிறிதா?", "எங்கள் மூத்த மருமகள் வீட்டில் கதவெல்லாம் பர்மா தேக்கு" என்று சொல்லிச் செல்கின்றனர். அவர்கள் எதையும் கேட்கவில்லையாம்! மறுநாள் காலை பெண்ணின் வாப்பா டைல்ஸ் கடையில் நிற்கிறார். அங்கே அவர் விரல் காட்டும் கல் அவருடைய விருப்பத்தால் வந்ததா, அச்சத்தால் வந்ததா என்பதை அல்லாஹ் அறிவான்.

1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் பணத்தை மட்டும் தடுக்கவில்லை. திருமணத்தின் தொடர்பாகக் கொடுக்கப்படும் எச்சொத்தும் மதிப்புள்ள பொருளும் அதன் வரையறைக்குள் வரும். கேட்பதே அச்சட்டப்படி குற்றம். அதே வரையறையில் முஸ்லிம்களின் மஹருக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. கொடுக்க வேண்டியவன் ஆண் என்பதை நாட்டுச் சட்டமும் அறிந்திருக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தை ஆண்டுதோறும் ரமளானில் ஓதி முடிக்கும் நம் வீடுகளுக்கு அது தெரியாமற்போனது எங்ஙனம்?

"இது கைக்கூலி அன்று, எம் மகளுக்கு நாங்கள் தரும் அன்பளிப்பு" என்பர் சிலர். அன்பளிப்பாயின் அதற்கும் மார்க்கம் ஓர் ஒழுங்கை வைத்துள்ளது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தையார் ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பினார். மற்றப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்து, பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. நம் தெருக்களில் நடப்பது என்ன? மூத்த மகளின் வீட்டிற்கு இத்தாலிய மார்பிள். இரண்டாம் மகளுக்குச் சாதாரண டைல்ஸ். மூன்றாமவள் பருவமடையும்போது வாப்பா வளைகுடாவிலிருந்து உடல்நலம் குன்றித் திரும்பியிருப்பார். அவளுடைய வீடு பூசப்படாத செங்கற் சுவரோடு நிற்கும், அவளும் வீட்டிலேயே நிற்பாள். அக்காவின் தரையில் பதிக்கப்பட்டது தங்கையின் பங்கு. ஆண்மக்களோ தம் பங்கைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. அக்கடனை அடைப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

கடன் என்றதும் ஒன்று நினைவிற்கு வருகிறது. பொன்னிறக் குழாய்களைப் பொருத்துவது ஹராமா என்று மதரஸாவிற்கு வந்து கேட்போர் உண்டு. கடைகளில் விற்கும் பொன்னிறக் குழாய்களில் பெரும்பாலானவற்றில் தங்கம் கிடையாது. டைட்டானியம் நைட்ரைடு போன்ற பூச்சே அந்நிறத்தைத் தருகிறது. அதைத் தங்கமென்று கொண்டு ஹராம் என்பதற்கில்லை. ஆனால் அதே குழாயை வாங்க உம்மாவின் நகையை வங்கியில் வட்டிக்கு அடகு வைத்தவர், அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை! நிறத்திற்கு ஃபத்வா வேண்டும், வட்டிக்கு வேண்டாம். வட்டியைக் கைவிடாதவர்கள்மீது அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் தொடுப்பதாக அல்பகரா அத்தியாயம் எச்சரிப்பதை, வாசற்கதவில் ஆயத்துல் குர்ஸியைச் செதுக்கத் தச்சருக்குத் தனிக்கூலி கொடுப்பவர் அறியாதவரா?

இவ்வளவு துன்பப்பட்டு வாங்கிய பொருளாவது அவ்வீட்டிற்கு உதவுகிறதா? மார்பிள் சுண்ணாம்புத் தன்மையுள்ள கல். எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் பளபளப்பை இழக்கும். மஞ்சளும் எண்ணெயும் உள்ளே ஊறிக் கறையாகும். சஹனில் கூடியமர்ந்து பிரியாணி உண்ணும் வீட்டின் தரைக்கு இதைக் காட்டிலும் பொருந்தாத கல் அரிது. நம் ஊர்களின் காற்றிலும் பல கிணறுகளின் நீரிலும் உப்பு மிகுதி. மேற்கூரையிலிருந்து மழைபோல் கொட்டும் ஷவரின் நுண்துளைகளை அவ்வுப்பு அடைக்கும். மலிவான கலப்பு உலோகக் குழாயின் பளபளப்பு கொப்பளித்து உரியும். கனமான பித்தளைக் குழாய் நெடுநாள் உழைக்கும். கடற்காற்று நேரே படும் இடத்துக் கைப்பிடிகளுக்கு 304 வகை எவர்சில்வரைவிட 316 வகை ஏற்றது. அதில் சேர்ந்துள்ள மாலிப்டினம் உப்பின் அரிப்பைத் தாங்கும். இவற்றையெல்லாம் சம்பந்தியம்மாள் விசாரிப்பதில்லை. பார்வைக்குத் தெரிவதையே விசாரிப்பார்.

நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரால் உளூச் செய்தார்கள். அது ஒரு லிட்டருக்கும் குறைவானது. பெரிய ஷவர்கள் நிமிடத்திற்கு 10 லிட்டருக்கும் மேல் கொட்டுகின்றன. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் இதைப் பொருத்துவது எவருக்காக?

ஐவேளையும் பயன்படும் உளூச் செய்யுமிடம் வரைபடத்திலேயே இருப்பதில்லை. முழங்காலுயரத்தில் ஒரு குழாய், அமர்வதற்கு ஒரு திண்டு, தண்ணீர் தேங்காத வாட்டம், சொரசொரப்பான தரை, இவ்வளவே தேவை. மாப்பிள்ளை அறையின் குளியலறையில் கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ். வீட்டின் மூத்த பெண்மணிக்கோ கொல்லைப்புறத்தில் பாசி படிந்த சிமெண்டுத் தரை. இரண்டுமே வழுக்கும். ஃபஜ்ரு நேரத்து இருட்டில் அங்கே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாய்மார்களை அறியாத தெரு நம் ஊர்களில் உண்டோ? சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியின் விலை ஒரு பொன்னிறக் குழாயின் விலையில் சிறு பகுதியே.

கழிப்பறைப் பீடத்தின் திசைக்கும் செலவில்லை. கழிவுக்குழாய் பதிக்குமுன் கொத்தனாரிடம் ஒரு சொல் சொன்னாற் போதும். ஹனஃபி மத்ஹபில் கட்டடத்திற்குள்ளும் கிப்லாவை முன்னோக்குவதும் பின்னோக்குவதும் வெறுக்கத்தக்கவை. ஷாஃபி மத்ஹபில் அதற்கெனக் கட்டிய இடத்தில் அனுமதியுண்டு, எனினும் தவிர்ப்பது சிறந்தது. தமிழகத்தில் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 முதல் 24 பாகை சாய்ந்தது. பீடத்தை வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைத்தால் இரு மத்ஹபினர்க்கும் சிக்கலில்லை. வாஸ்து பார்த்துச் சமையலறையை மாற்றி இடித்த வீட்டில் இதைக் கேட்க ஆளில்லை என்பது வேடிக்கை.

அழகான வீட்டை இஸ்லாம் தடுத்ததா என்று கேட்பீர்கள். தடுக்கவில்லை. விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்றென நபிமொழி உண்டு. சொந்த உழைப்பில், கடனின்றி, தம் பிள்ளைகளிடையே நீதி தவறாமல் ஒருவர் தேக்கில் கதவு செய்தால் அவரைத் தடுக்க நாம் யார்? ஆனால் நபிமொழி சொன்னது விசாலம். நாமோ வீட்டைச் சுருக்கி அதன் மேற்பரப்பை மினுக்குகிறோம். முற்றம் போயிற்று, திண்ணை போயிற்று. அவ்விடத்தில் ஃபால்ஸ் சீலிங் வந்தது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது இது. நிகாஹ் பதிவின்போது கைக்கூலி வாங்கப்பட்டதா என்று இரு தரப்பாரிடமும் கேட்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அதனோடு இரண்டு வினாக்களைச் சேருங்கள்: பெண்ணின் வீட்டிற்கான பொருள்களை மாற்றும்படி மாப்பிள்ளை வீட்டார் எவரேனும் கூறினரா? அவ்வீட்டின்மீது வட்டிக்கடன் உள்ளதா? ஆம் என்றால் பெண்ணின் வாப்பாவைத் தனியே அழைத்து, தொகை எவ்வளவு என்று கேளுங்கள். பின்னர் மாப்பிள்ளையை அழைத்து, அத்தொகையை அடைக்கும் பொறுப்பை அவர் ஏற்கிறாரா என்று கேட்டுவிட்டுக் குத்பாவைத் தொடங்குங்கள்.