சீட்டித் துணியும் சில்லறைக் கடையும்

கடுக்காய், படிகாரம், பனைவெல்லம், எருமைப்பால். இவற்றில் முதல் மூன்றும் நம் மளிகைக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ இன்றும் கிடைப்பவை. நான்காவது பால்காரரிடம் கிடைக்கும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் சீமாட்டிகள் ஆசைப்பட்டு உடுத்திய கவுனுக்கு இவை அத்தனையும் தேவைப்பட்டன என்றால் நம்மில் பலர் நம்பமாட்டார்கள். அந்தத் துணிக்கு நம் பக்கத்தில் சீட்டி என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக அது போயிற்று.

சீட்டி எப்படித் தயாரானது என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1734ல் புதுச்சேரியில் இருந்த பொல்யூ என்ற கப்பல் அதிகாரி, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு எடுத்துக் குறிப்போடு ஊருக்குக் கொண்டு போனார். 1742ல் கேர்தூ என்ற பாதிரியார் இதையே விரிவாகக் கடிதமாக எழுதினார். நம்மவர்கள் தொழிலைக் கையில் வைத்திருந்தார்கள். அவர்கள் அதைக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் மை துணியில் ஊறிப் பரவாமல் தடுக்கும். ஊசியால் துளையிட்ட காகிதத்தைத் துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் கோலப்புள்ளி போலப் படம் இறங்கும். பிறகு மூங்கில் எழுதுகோல். இரும்பைப் பனைவெல்ல நீரில் புளிக்க வைத்து எடுத்த நீரால் எழுதிய கோடு, கடுக்காயோடு சேர்ந்து கறுப்பாகும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீர். படிகாரத்துக்கு நிறம் கிடையாதே, எழுதியது எப்படித் தெரியும்? அதற்காகச் சிறிது பதங்கக் கட்டைச் சாயத்தை அதில் கலந்துகொள்வார்கள். முழுத் துணியையும் சாயவேரோடு கொதிக்க விட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய நிறம் ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரிலும் வெயிலிலும் போய்விடும். அடுத்து, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பச்சை வேண்டுமானால் நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டுவார்கள். அந்த மஞ்சள் மட்டும் நிற்காது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டிகளில் இலைகள் நீலமாகத் தெரிவது அதனால்தான்.

துவைத்தாலும் சாயம் போகாத துணி! பட்டையும் கம்பளியையும் உடுத்திப் பழகியிருந்த ஐரோப்பியப் பெண்ணுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் படுக்கை விரிப்பாகவும் திரைச்சீலையாகவும் வீட்டுக்குள் நுழைந்த சீட்டி, பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் உடம்பில் ஏறியது. எஜமானியும் உடுத்தினாள், வேலைக்காரியும் உடுத்தினாள். தையல் இயந்திரம் பிறக்காத காலம். தையற்கூலியைவிடத் துணியின் விலையே பெரிது. ஆகவே கவுன் தைத்த பெண்கள் துணியைக் கண்டபடி வெட்டமாட்டார்கள். திமிங்கில எலும்பு என்று பெயர் பெற்ற, திமிங்கிலத்தின் வாயிலுள்ள நார்த்தகடுகளைச் செருகிய உள்கச்சை அணிந்து அவள் நிற்க, மேலே துணியை மடிப்பு மடிப்பாக வைத்து உடம்போடு பொருத்திக் கையால் தைப்பார்கள். நீளத் தையலைப் பிரிப்பதற்கு வசதியாகப் பெரிதாகவே போடுவார்கள். நாகரிகம் மாறினால் பிரித்து மறுபடி தைக்கலாம், மகளுக்கும் ஆகும்.

ஹாலந்தில் ஹிண்டலோபன் என்ற துறைமுக ஊர்ப் பெண்கள் சீட்டியில் நீண்ட மேலங்கி தைத்துக்கொண்டார்கள். துக்கம் காக்கும்போது நீலமும் வெள்ளையும் மட்டும் உள்ள துணி. அங்கே சீட்டிக்குத் தடை இல்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்ததன் பயனை அந்த ஊர்ப் பெண்கள் அனுபவித்தார்கள்.

இங்கிலாந்தில் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டிய கதை. பட்டு, கம்பளி நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1700ல் சாயமேற்றிய இந்தியத் துணி உள்நாட்டு விற்பனைக்கு வரக்கூடாது என்று சட்டம் வந்தது. வெள்ளைத் துணி வரலாம் என்றதால், அதை வாங்கி லண்டனிலேயே அச்சடிக்கத் தொடங்கினார்கள். 1719ல் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் சீட்டிக் கவுனைக் கிழித்தார்கள், மையையும் திராவகத்தையும் ஊற்றினார்கள். ராபின்சன் குருசோ எழுதிய டேனியல் டீஃபோகூட அந்த ஆண்டில் சீட்டிக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்தார். 1721ல் வந்த அடுத்த சட்டம் உடுத்துவதையே தடை செய்தது. உடுத்தியவளுக்கு 5 பவுன் அபராதம். விற்ற கடைக்காரருக்கு 20 பவுன்! சட்டம் எந்த நாட்டில் வந்தாலும் கடைக்காரன் தலையில்தான் நான்கு மடங்காக விழும் போலிருக்கிறது. பிரான்சிலும் 1686 முதல் 1759 வரை தடை இருந்தது.

தடையால் ஆசை போயிற்றா? போகவில்லை. ஹாலந்திலிருந்து கள்ளத்தனமாகச் சரக்கு வந்துகொண்டே இருந்தது. ஆனால் அந்த இடைவெளியில் இங்கிலாந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அச்சுத் தொழிலைக் கற்றார்கள், பின்னர் இயந்திர நூற்பைக் கண்டுபிடித்தார்கள். 1774ல் முழுப் பருத்தித் துணியை அங்கேயே நெய்து அச்சடிக்க அனுமதி கிடைத்தபோது, உள்ளூர்ச் சரக்கு என்பதற்கு அடையாளமாகத் துணியின் கரையில் மூன்று நீல நூல் இருக்க வேண்டும் என்றார்கள். இந்தியச் சீட்டிக்கு அப்போதும் கதவு திறக்கவில்லை.

சட்டமும் இயந்திரமும்தான் நம்மை வீழ்த்தின என்று மேடைதோறும் பேசுகிறோம். அது பொய்யல்ல. ஆனால் அதற்கு முன்பே நாம் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. அந்தக் கவுனை உடுத்தியவளை நம் வியாபாரி பார்த்ததே இல்லை. கம்பெனியிடம் முன்பணம் வாங்கினார், அதை நெசவாளிக்கும் சாயக்காரருக்கும் பிரித்துக் கொடுத்தார், மாதிரிப்படி சரக்கைக் கிடங்கில் ஒப்படைத்தார். எது விற்றது, எது தேங்கியது, ஏன் தேங்கியது என்ற செய்தி முழுவதும் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. 1643லேயே லண்டன் இயக்குநர்கள் சூரத்தில் இருந்த தங்கள் ஆட்களுக்கு எழுதினார்கள்: மங்கிய சிவப்புத் தரை கொண்ட விரிப்புகள் எல்லாருக்கும் பிடிக்கவில்லை, வெள்ளைத் தரையில் பூவும் கொடியும் வரும்படி அனுப்புங்கள் என்று. வாங்குபவரின் மனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மிடம் கைத்திறன் இருந்தது, முகவரி இல்லை. கைத்திறனை எழுதிக்கொண்டு போனதும் நம்மிடம் மிஞ்சியது என்ன?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நாம் அடிக்கடி தடை கேட்கிறோம். அந்நிய முதலீட்டுக்குத் தடை, ஆன்லைன் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு. கேட்க வேண்டியதுதான், நானும் கடையடைப்பில் கலந்துகொண்டவன். 2017 மார்ச் 1 முதல் இரண்டு வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவு செய்தன. அந்த நாட்களில் அதைக் கேட்டு வந்த வாடிக்கையாளர் பதிலுக்கு எதை வாங்கினார், எந்த உள்ளூர்ப் பானத்தை இரண்டாம் முறை கேட்டார், எதை முகம் சுளித்து வைத்துவிட்டுப் போனார்? எழுதி வைத்த கடை எத்தனை? உள்ளூர்ப் பானம் தயாரித்தவர்களுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு உதவியிருக்கும்!

இன்று செல்போனில் மளிகை விற்கும் கம்பெனிகளின் உண்மையான சொத்து அவர்களுடைய கிடங்கு அல்ல. எந்தத் தெருவில், எந்த நேரத்தில், யார் எதைத் தேடினார்கள், இல்லை என்றதும் எதை எடுத்தார்கள் என்ற கணக்குதான். நம் வாடிக்கையாளரை நாம் முகத்தால் அறிவோம், பெயரால் அறிவோம், அந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி என்பதுகூடத் தெரியும். ஆனால் அத்தனையும் நம் மண்டையில் இருக்கிறது. கடைப்பையன் வேலையை விட்டுப் போனால் பாதி அவனோடு போய்விடுகிறது. ‘அது இல்லைங்க’ என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணியவர் உண்டா?

சீட்டித் தொழில் முழுவதும் அழியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் பகுதியில் ஒருசில குடும்பங்கள் இன்னும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. அவர்களுக்கும் துணி வாங்குபவர் யார் என்ற விவரம் நேரடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் குறியீட்டால் பயன். ஜவுளி விற்கும் நம் உறுப்பினர்கள் இதில் அக்கறை காட்டலாம்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு என் யோசனை இது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டு. கேட்டும் நம்மிடம் இல்லாத சரக்கு, தேதி, பதிலுக்கு வாங்கியது எது, இந்த மூன்றை மட்டும் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், அது வாடிக்கையாளரின் சொந்த விஷயம். நேரம் ஏது என்பவர்கள் கடன் நோட்டு எழுத நேரம் கண்டுபிடித்தவர்கள்தாம். மூன்று மாதம் கழித்து ஒரே பகுதியில் உள்ள பத்துக் கடைக்காரர்கள் நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுவாக வந்த சரக்கை மொத்த வியாபாரியிடம் ஒன்றாகக் கொள்முதல் செய்து பார்க்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் வழக்கமான கண்டனத் தீர்மானங்களோடு இதையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.