கட்டுப் போடும் கைகளும் கை கழுவிய அரசும்

ஆண்டுதோறும் ஜனவரி 30 அன்று தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி, மறுநாள் மறதி. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் இறங்கிய 2005 இறுதியிலேயே ‘ஒழித்துவிட்டோம்’ என்றது ஒன்றிய அரசு. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியர்களே.

குடியிருப்புகள் பலவற்றில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், உணர்விழந்த பாதங்களுக்கு மென்காலணி தருவதும் தொண்டு நிறுவனங்கள்தாம். அந்தக் கைகளை நாம் குறை கூறவில்லை. அவற்றைக் காட்டித் தன் பொறுப்பைக் கை கழுவும் அரசைத்தான் கேட்கிறோம்.

1980களில் வந்த கூட்டு மருந்து சிகிச்சை நோயை முற்றாகக் குணப்படுத்துகிறது. சட்டத்தைப் பிடித்த நோய்தான் தீரவில்லை. 1898ஆம் ஆண்டின் காலனியச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக்கிய பிரிவுகள் 2019 வரை நீடித்தன. ஒடிசாவில் நகராட்சித் தேர்தலில் வென்ற ஒருவரது பதவியைத் தொழுநோயைக் காட்டிப் பறித்தது செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே கூறியது! பாகுபாட்டை ஒழிக்கும் மசோதாவை 2015இல் சட்ட ஆணையம் எழுதியே கொடுத்தது. அது எந்த அலமாரியில் உறங்குகிறது?

காலணியை யாரும் தரலாம். குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டாவை அரசுதான் தர வேண்டும். தோழர்கள் இக்குடியிருப்புகளுக்குச் செல்ல வேண்டும்: உணவுப் பொட்டலத்துடன் அல்ல, கோரிக்கை மனுவுடன்.