சரும நோயாளிக்கு வைத்தியர் எங்கே?

சரும நோயால் உயிர் போவதில்லை என்று சொல்லி நகைப்போர் உளர். உயிர் போகாமையினாலன்றோ அந்நோயாளிக்கு வைத்தியர் இத்துணைத் தொலைவிலிருக்கின்றார்! நம் நாட்டில் இத்துறையிற் சிறப்புப் பட்டம் பெற்றோர் சிலரே. அச்சிலரும் பெரும்பாலும் பட்டணங்களிலேயே தங்கிவிடுகின்றனர். நாட்டுப்புறத்துக் கூலியாளர் ஒருவர் அவரைக் காண விரும்பின், ஒரு நாட் கூலியையும் இழந்து பஸ் கட்டணமும் தருதல் வேண்டும். ஆதலின் அவர் நாடுவது தெருமுனை மருந்துக்கடையையே.

கடைக்காரரை யாம் பெரிதும் குறைகூறோம். ஆனால், படர்தாமரைக்கு அவர் தரும் களிம்பில் ஸ்டீராய்ட் கலந்திருப்பின், அரிப்பும் சிவப்பும் இரண்டொரு நாளில் அடங்கும். பூஞ்சையோ அடங்காது பரவும். பின்னர் வைத்தியரே நோக்கினும் இன்ன நோயென எளிதில் தெளியாதபடி அதன் உருவும் மாறிவிடும். 2018ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் 14 வகை ஸ்டீராய்டுகள் சேர்ந்த களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்றலாகாதென விதித்தனர். விதி நன்றே. சீட்டெழுதுவோர் இல்லாத ஊரில் அது என் செய்யும்?

தொழுநோயின் நிலைமை இதனினும் கொடிது. வெளிறிய படையொன்று தோன்றும், அது நோவதில்லை, ஆகவே எவரும் பொருட்படுத்தார். பொதுச் சுகாதாரத்தை அச்சுறுத்தும் நிலையினின்று இந்நோய் நீங்கிற்றென 2005இன் இறுதியில் எட்டிய அளவைக்கொண்டு நாடு அறிவித்தது. எனினும் 2022-23ஆம் ஆண்டில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டனர். கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் உண்டாற் போதும். காலந்தாழ்த்தின், கிருமி ஒழிந்த பின்னும் மடங்கிய விரல் தானே நிமிராது.

நிபுணர் பெருகட்டுமென்று காத்திருப்பதோ? பெருகினும், முகப்பொலிவு நாடுவோர் தரும் பணம் அவரைப் பட்டணத்தை விட்டகல விடுமோ என்பது எமக்கு ஐயமே. டான்சானியா நாட்டில் கிளிமஞ்சாரோ மலையடியிலுள்ள மோஷி நகரில், திருச்சபைத் தொடர்புடைய பெரிய மருத்துவசாலையைச் சார்ந்து, 1992இல் ஒரு சருமநோய்ப் பயிற்சி நிலையம் தோன்றிற்று. வைத்தியப் பட்டம் பெறாத சிகிச்சை ஊழியர்க்கு ஈராண்டுப் பயிற்சி தந்து, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிற்கும் அங்கிருந்து அனுப்புகின்றனர்.

அரைகுறை வைத்தியமாகாதோ என்பர் சிலர். மருந்துக்கடைக் களிம்பு முழு வைத்தியமோ? நமக்கும் இது புதிதன்று. வீடுவீடாகச் சென்று படை தேடிய தொழுநோய் ஊழியர் நம் நாட்டில் முன்னரே இருந்தனர். ஆரம்ப சுகாதார நிலையத்துத் தாதியர் பஞ்சு நுனியால் படையைத் தொட்டு உணர்ச்சியறியவும், படர்தாமரையையும் சிரங்கையும் பிரித்துணரவும் பயின்று, ஐயமானவரை மட்டும் நிபுணரிடம் அனுப்பலாம். அப்பயிற்சியை நம் மிஷன் மருத்துவசாலைகளே முதலில் தொடங்கலாகாதா?