பேட்டரிக்கு எதற்குப் பசை?

2007 ஆகஸ்ட் மாதம் நோக்கியா நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா தயாரித்துக் கொடுத்த பிஎல்-5சி ரக பேட்டரிகளில் 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும், கேட்பவர்களுக்கு இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. நம் ஊரிலும் பீதி பரவத்தான் செய்தது. ஆனால், போன் வைத்திருந்தவர் செய்ய வேண்டியிருந்தது மிகச் சிறிய வேலை. பின்மூடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளி, பேட்டரியை வெளியே எடுத்து, அதன் முதுகில் அச்சிட்டிருந்த எண்ணைச் சரிபார்த்தால் போதும். பழுது பேட்டரியில் என்றால் போனது பேட்டரி மட்டும்தான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோதும் குற்றவாளி பேட்டரிதான். ஆனால், அது போனுக்குள் வைத்து மூடப்பட்டிருந்தது. சுமார் 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்பப் பெற வேண்டி வந்தது. மாற்றிக் கொடுத்தவையும் எரியவே, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். நல்ல திரை, நல்ல கேமரா, நல்ல சர்க்யூட் போர்டு எல்லாம் ஒரு கெட்ட பேட்டரியோடு சேர்ந்து போயின.

இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் மாறியது பேட்டரியின் வேதியியல் அல்ல, மூடியின் வடிவமைப்பு. லித்தியம் அயான் பேட்டரி என்பது குக்கர் கேஸ்கெட்டைப் போன்ற தேய்மானப் பொருள். சில நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கினாலே அதன் கொள்ளளவு குறைந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மதியத்துக்குள் சார்ஜ் தீரத் தொடங்கும். கேஸ்கெட் தளர்ந்தால் குக்கரைத் தூக்கிப் போடுவதில்லை. காரணம், கேஸ்கெட்டைக் கையால் கழற்ற முடிகிறது. இன்றைய போனிலோ பின்பக்கக் கண்ணாடியை முதலில் சூடேற்றிப் பசையை இளக்க வேண்டும். உறிஞ்சு கிண்ணத்தை வைத்து இழுத்து, பிளாஸ்டிக் தகடு நுழைத்து, ஓரம் ஓரமாகக் கீறி எடுக்க வேண்டும். ஸ்குரூக்களைக் கழற்றி, நூல் போன்ற கேபிள்கள் அறுந்துவிடாமல் விலக்கினால், பேட்டரியும் அடியில் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதை நெம்பும்போது மடங்கினால் புகை வரும். சென்னை ரிச்சி தெருவில் இந்த வேலையைச் செய்யும் மெக்கானிக்கின் கைத்திறனில் பாதி, பழுதைச் சரிசெய்வதற்கு அல்ல, பசையை வெல்வதற்கே செலவாகிறது. தேய்ந்து தீரும் ஒரு பொருளை, நீண்ட நாள் உழைக்கும் பொருளுக்குள் ஒட்டி வைப்பதைப் பொறியியல் பிழை என்றே சொல்ல வேண்டும்.

நிறுவனங்கள் முதலில் சொல்லும் பதில், தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பது. இதற்கு மறுப்பு அவர்களிடமே இருக்கிறது. 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5, கையால் கழற்றும் பின்மூடியோடு, தண்ணீர் புகாமைக்கான ஐபி67 தரச்சான்று பெற்றது. மூடியின் உட்புறம் ஓடிய ரப்பர் விளிம்பே தண்ணீரைத் தடுத்தது. அதே நிறுவனத்தின் எக்ஸ்கவர்6 புரோ, கழற்றும் பேட்டரியோடு ஐபி68 தரத்தைத் தொட்டது. கழற்றும் அமைப்பால் போன் கொஞ்சம் தடிமனாகும் என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், மெல்லிய போனை வாங்கிய கையோடு தடித்த ரப்பர் உறை ஒன்றையும் வாங்கி மாட்டுபவர்கள்தாம் நாம்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பயிற்சி இல்லாதவர் கை வைத்தால் ஆபத்து, சந்தையில் டூப்ளிகேட் பேட்டரிகள் மலிந்து கிடக்கின்றன என்கிறார்கள். இரண்டும் மெய்தான். ஆனால், ஒட்டி மூடியதால் யாரும் திறக்காமல் இருந்துவிடவில்லை. பாதுகாப்பாகத் திறக்க முடிந்திருக்க வேண்டிய ஒன்றை ஹீட் கன்னும் நெம்புகோலும் கொண்டு திறக்கிறார்கள். ஒரிஜினல் பேட்டரி கடையில் நியாய விலைக்குக் கிடைக்காத இடத்தில்தான் டூப்ளிகேட் செழிக்கிறது. ஐபோன் 16இல் ஆப்பிள் வேறொரு பசையைக் கொண்டுவந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் பாய்ச்சினால் அதுவே பிடியை விட்டுவிடும். மனம் வைத்தால் வழி இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசியாக, மக்களே புதுப் போனைத்தான் விரும்புகிறார்கள் என்ற வாதம். 2017 டிசம்பரில், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பைத் தணிக்க, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுவதும் 29 டாலராக்கியது. 2019 ஜனவரியில் முதலீட்டாளர்களுக்கு அதன் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் எழுதிய கடிதத்தில், புதிய ஐபோன் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக இந்த மலிவு விலை பேட்டரியும் இடம்பெற்றது. சீனச் சந்தையின் மந்தத்தைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார். இருந்தாலும், பேட்டரி மலிவாகக் கிடைத்தால் மக்கள் பழைய போனையே வைத்துக்கொள்வார்கள் என்று அந்த நிறுவனத்தின் தலைவரே எழுதிக் கொடுத்ததாகத்தான் இதைப் படிக்க முடிகிறது. பசை யாருக்கு லாபம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஆகவே இதைச் சந்தையிடம் விட்டுவைத்துப் பயனில்லை. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை உரிமையாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஆயிரம் முறை சார்ஜ் ஏறியும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிற, தண்ணீர் புகாத செல்போன்களுக்கு அங்கேயும் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பலரும் அதில் நுழைந்து தப்புவார்கள். பிரான்ஸ் 2021இல் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, விலைக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னது. இந்தியாவிலும் இப்படியொரு குறியீட்டுக்காக நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025இல் அறிக்கை கொடுத்துவிட்டது. நிறுவனங்களே கணக்கிட்டு மதிப்பெண்ணை அறிவிக்கலாம் என்கிறது அந்த யோசனை. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவது போன்றது இது. மதிப்பெண்ணைச் சரிபார்க்கத் தனி அமைப்பு வேண்டும். பேட்டரியைக் கழற்ற எத்தனை நிமிடம் ஆகும், எந்தக் கருவி தேவை, ஒரிஜினல் பேட்டரி என்ன விலை என்ற மூன்றையும், அதிகபட்ச விற்பனை விலை அச்சாகும் அதே எழுத்து அளவில், அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடச் சொல்ல வேண்டும்.