மூடப்பட்ட முன்பள்ளிகளும் பெற்றோரின் தவிப்பும்

கொரோனா பெருந்தொற்றுக்குள்ளான முதலாவது இலங்கையர் 2020 மார்ச் மாதம் இரண்டாவது வாரத்தில் உள்நாட்டில் இனங்காணப்பட்டார். மார்ச் 13 ஆம் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. அவற்றோடு முன்பள்ளிகளின் கதவுகளும் சாத்தப்பட்டன. 20 ஆம் திகதி மாலை நாடளாவிய ரீதியில் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அன்று மூன்றும் நான்கும் வயதாக இருந்த பிள்ளைகளில் மூத்தவர்கள் 2025 ஆம் ஆண்டு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றிவிட்டனர். ஆனால், அந்நாட்களில் அவர்களது பெற்றோர் எழுப்பிய மிக எளிமையான ஒரு கேள்விக்கு இன்று வரை எவரும் விடையளிக்கவில்லை. அரசாங்கத்தின் உத்தரவின் பேரில் முன்பள்ளியோ பகல்நேரப் பராமரிப்பு நிலையமோ மூடப்படுமானால், அந்த மாதத்துக்குரிய கட்டணத்தைப் பெற்றோர் செலுத்த வேண்டுமா, இல்லையா என்பதே அக்கேள்வியாகும்.

இதனைச் சில்லறை விவகாரம் எனக் கருதுவோர் உளர். மரணங்களும் தனிமைப்படுத்தல் முகாம்களும் நாளாந்தச் செய்திகளாகியிருந்த காலத்தில், பாலர் வகுப்புக் கட்டணம் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகவே பலருக்குத் தோன்றியது. நாமும் அந்நாட்களில் இவ்விடயத்துக்குப் போதிய இடமளிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், நமது காரியாலயத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் கணிசமானவை இது குறித்தவையாகவே இருந்தன. ஊரடங்கு அனுமதிப்பத்திரம் எங்கே பெறுவது என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, மூடிக்கிடக்கும் முன்பள்ளிக்கு ஏப்ரல் மாதக் கட்டணம் கேட்கின்றார்களே, இது நியாயமா என்ற கேள்வியே எம்மிடம் அதிகமாகக் கேட்கப்பட்டது.

அக்கேள்வியின் பின்னால் இருந்த நிலைமையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். நாட்சம்பளம் பெறும் தந்தைக்கு வேலை இல்லை. ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரியும் தாய்க்குச் சம்பளம் முழுமையாகக் கிடைக்குமா என்பது தெரியாது. வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வழங்கிய 5,000 ரூபா கொடுப்பனவு, அரிசிக்கும் பருப்புக்குமே போதுமானதாக இருக்கவில்லை. இத்தகைய வேளையில் முன்பள்ளியிலிருந்து வட்ஸ்அப் மூலம் ஓர் அறிவித்தல் வருகின்றது. கட்டணத்தைச் செலுத்தத் தவறின் பிள்ளையின் இடம் வேறொருவருக்கு வழங்கப்படும் என்று சில நிலையங்கள் வெளிப்படையாகவே குறிப்பிட்டன. வேறு சில நிலையங்கள் அரைவாசி போதும் என்றன. ஒரு சதமும் கேட்காமல், பிள்ளைகள் வர்ணம் தீட்டுவதற்கான தாள்களை வீடுகளுக்கு அனுப்பி வைத்த ஆசிரியைகளும் இருந்தனர். ஒரே வீதியில் மூன்று முன்பள்ளிகளில் மூன்று விதமான நடைமுறைகள் காணப்பட்டன. எது சரி என்று கேட்டறிவதற்குப் பெற்றோருக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

கட்டணத்தை விடவும் கடுமையான பிரச்சினை 2020 மே 11 ஆம் திகதிக்குப் பின்னரே தலைதூக்கியது. அன்றைய தினம் அரச, தனியார் துறைக் காரியாலயங்கள் மீளத் திறக்கப்பட்டன. உத்தியோகத்தர்கள் கடமைக்குச் சமுகமளிக்குமாறு கேட்கப்பட்டனர். பாடசாலைகளோ ஜூலை 6 ஆம் திகதியே மாணவர்களுக்குத் திறக்கப்பட்டன. அதுவும் 5, 11, 13 ஆம் தர மாணவர்களுக்கு மாத்திரமேயாகும். சின்னஞ்சிறுவர்கள் வரிசையின் கடைசியில் நின்றனர். தாய் வேலைக்குச் செல்ல வேண்டும், பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரே அரசாங்கம் ஒரே நேரத்தில் உத்தரவிட்டது. இவ்விரு உத்தரவுகளுக்கும் இடைப்பட்ட பல வாரங்களில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பேசவில்லை.

நமது சமூகங்களில் இதற்கு எப்போதும் ஒரு பதில் உண்டு. அம்மம்மா பார்த்துக்கொள்வார், உம்மம்மா பார்த்துக்கொள்வார் என்பதே அது. ஆனால், அந்த நோய் முதியவர்களையே முதலில் வீழ்த்தக் கூடியது என வைத்தியர்கள் எச்சரித்துக்கொண்டிருந்தனர். அத்துடன், மாவட்டங்களுக்கு இடையிலான பயணத் தடை காரணமாக வெள்ளவத்தையில் வசிக்கும் மகளின் வீட்டுக்கு வவுனியாவிலிருந்து தாய் வர முடியாதிருந்தது. காத்தான்குடியில் உள்ள பாட்டியிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விடவும் வழியிருக்கவில்லை. ஊரடங்கு வேளையிலும் கடமைக்குச் செல்ல வேண்டியிருந்த தாதியர்களின் நிலை இதனிலும் கடினமானது. இரவுக் கடமையை முடித்து வீடு திரும்பும் தாதி, தன் பிள்ளையைத் தூக்குவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கி நின்ற கதைகளை நாம் நிறையவே கேட்டிருக்கின்றோம்.

இதன் மறுபக்கத்தையும் நாம் நோக்காதிருக்க முடியாது. கட்டணம் கேட்ட முன்பள்ளிகள் யாவும் பேராசை கொண்டவை அல்ல. 2016 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்பிள்ளைப்பருவ நிலையங்கள் இருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை தனியாராலும் ஆலயங்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் ஆகியவற்றாலும் தொண்டு நிறுவனங்களாலும் நடத்தப்படுபவை. வாடகை வீட்டின் முன் அறையில், இருபது பிள்ளைகளோடு, ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும் நடத்துகின்ற நிலையங்களே நம் பிரதேசங்களில் அதிகம். அங்கே கட்டணம் என்பதுதான் சம்பளம். பெற்றோர் செலுத்தாவிடில் ஆசிரியைக்கு அம்மாதம் வருமானம் எதுவும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் முன்பள்ளி ஆசிரியைகள் பெறும் கொடுப்பனவு எவ்வளவு அற்பமானது என்பதை நாம் பல தடவைகள் சுட்டிக்காட்டியிருக்கின்றோம். யுத்தத்தில் கணவனை இழந்து, இந்தத் தொழிலை மாத்திரமே நம்பி வாழ்வோரும் அவர்களுள் உளர். ஆக, இது பணக்கார நிறுவனம் ஒன்றுக்கும் ஏழைப் பெற்றோருக்கும் இடையிலான பிணக்கு அன்று. வருமானம் இழந்த ஒரு தாயும் வருமானம் இழந்த ஓர் ஆசிரியையும் ஒரே தொகைக்காக முகம் பார்த்து நிற்க விடப்பட்டனர். அவர்களை அந்த நிலையில் விட்டது அரசே என்பது நமது கருத்தாகும்.

அக்காலத்தில் அரசு எதுவுமே செய்யவில்லை என்று நாம் கூற வரவில்லை. 2020 மார்ச் மாதத்தில் முச்சக்கரவண்டிகளுக்கும் பாடசாலை வான்களுக்கும் பெறப்பட்ட லீசிங் கடன்களின் தவணைகள் ஆறு மாதங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டன. அது நல்ல ஏற்பாடு. பிள்ளையை முன்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வான் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றது. அந்த வான் போய்ச் சேரும் முன்பள்ளிதான் தெரியவில்லை. வான் உரிமையாளருக்கு லீசிங் கம்பனியிடம் ஓர் உடன்படிக்கை இருந்தது, வங்கித் துறையில் அவருக்கு ஓர் இலக்கம் இருந்தது. முன்பள்ளி ஆசிரியையிடமோ கடன் பத்திரமும் இல்லை, நியமனக் கடிதமும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிப் பதிவு கூடப் பலருக்கு இல்லை.

பொறுப்பு யாருடையது என்று தேடினாலும் இதே தெளிவின்மைதான் எஞ்சுகின்றது. முன்பள்ளிகளைப் பதிவு செய்வது மாகாண சபைகளின் கையில் இருக்கின்றது. கொள்கை வகுப்பது சிறுவர் செயலகத்தின் பணி. சுகாதார வழிகாட்டல்களைச் சுகாதார அமைச்சு விடுத்தது. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களோ பல இடங்களில் எந்தப் பதிவும் இன்றி இயங்கின. கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவான சர்வதேசப் பாடசாலைகளின் பாலர் வகுப்புகள் கல்வி அமைச்சின் பிடியிலும் இல்லை. மேலும், மாகாண சபைகள் அப்போது மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆளுநர்களின் கீழ் இயங்கிவந்தன என்பதையும் மறந்துவிடலாகாது. கட்டணம் தொடர்பாக ஒரு தாய் முறையிடச் செல்வதாயின், அவர் முதலில் எந்த வாசலைத் தட்டுவது என்பதற்கே ஒரு சட்டத்தரணியை நாட வேண்டியிருந்தது.

சட்டம் முற்றாக இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் நமது நாட்டில் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களை மாத்திரமன்றிச் சேவைகளையும் உள்ளடக்குகின்றது. ஆனால், பருப்பின் விலை பார்க்கும் அதிகாரசபையாகவே அது மக்கள் மனதில் பதிந்துள்ளது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன என்று நோக்குவது பயனுடையது. அவுஸ்திரேலியாவில் 2020 ஏப்ரல் 6 ஆம் திகதி முதல் ஜூலை 12 ஆம் திகதி வரை பெற்றோரிடம் சிறுவர் பராமரிப்புக் கட்டணம் அறவிடப்படவில்லை. தொற்றுக்கு முன்னைய காலப்பகுதியில் ஒவ்வொரு நிலையமும் பெற்ற கட்டண வருமானத்தின் ஏறத்தாழ அரைவாசியை, ஒரு மேலெல்லைக்கு உட்பட்டு, அரசாங்கமே நிலையங்களுக்கு நேரடியாக வழங்கியது. சிட்னியிலும் மெல்பேர்னிலும் வாழும் நம்மவர்கள் பலர் இதன் பயனைப் பெற்றனர். அத்திட்டத்திலும் குறைகள் இருந்தன. கிடைக்கும் பணம் போதவில்லை என்று நிலையங்கள் முறையிட்டன. மூன்று மாதங்களில் அது நிறுத்தப்பட்டதும் பழைய கட்டணம் திரும்பி வந்தது. எனினும், நிலையம் திறந்திருப்பதும் பெற்றோர் வேலைக்குச் செல்வதும் ஆசிரியர் சம்பளம் பெறுவதும் ஒன்றோடொன்று பின்னிய விடயங்கள் என்பதை அந்த அரசு புரிந்துகொண்டு செயற்பட்டது.

பிரித்தானியாவில் வேறு வழி கையாளப்பட்டது. அங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை, பெற்றோரின் முறைப்பாடுகளை ஆராய்ந்து, 2020 ஜூலை மாதம் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டது. வழங்கப்படாத சேவைக்கு முழுக் கட்டணம் கேட்பதும், இடம் பறிபோகும் என்று அச்சுறுத்திப் பணம் பெறுவதும் பாவனையாளர் சட்டத்துக்கு முரணாகலாம் என்று அது எடுத்துரைத்தது. இதற்குக் கோடிக்கணக்கான ரூபா தேவைப்படவில்லை. ஒரு கடிதம் தேவைப்பட்டது. அவுஸ்திரேலியாவைப் போலச் செலவிட எம்மிடம் பணம் இல்லை என்று வாதிடலாம். பிரித்தானியாவைப் போல ஒரு கடிதம் எழுதத் தாளும் இல்லை என்று எவரும் வாதிட முடியாது. (2022 ஆம் ஆண்டில் பரீட்சைத் தாளுக்கே தட்டுப்பாடு வந்தது என்று வாசகர்கள் நினைவூட்டக்கூடும். 2020 இல் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை.)

பிள்ளையைப் பராமரிக்கும் இடம் வேலை உலகத்தின் ஓர் அங்கம் என்ற எண்ணம் நமது நாட்டுக்குப் புதியதும் அல்ல. மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. கொழுந்து பறிக்கும் தாயின் உழைப்பு தேவையென்றால் அவளது பிள்ளையைப் பார்க்க ஓர் இடமும் தேவை என்பதைத் தோட்ட நிர்வாகங்கள் தமது இலாபத்தின் பொருட்டேனும் உணர்ந்திருந்தன. அந்த மடுவங்களின் வசதிக் குறைபாடுகள் தனியாகப் பேசப்பட வேண்டியவை. எனினும், கொழும்பின் கண்ணாடிக் கட்டடங்களிலும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலும் உழைக்கும் தாய்மாருக்கு, இந்த அடிப்படை ஏற்பாடு கூடப் பெரும்பாலும் இல்லை. வேலை செய்யும் வயதிலுள்ள இலங்கைப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே தொழிற்படையில் உள்ளனர். ஏனைய இருவர் ஏன் வரவில்லை என்று கருத்தரங்குகளில் வினவுவோர், வேலைக்குச் சென்ற அந்த ஒருவரும் 2020 இல் எத்தனை பேர் வீட்டிலேயே நின்றுவிட நேர்ந்தது என்பதையும் வினவியிருக்க வேண்டும்.

மூடல் ஒரு தடவையோடு முடிந்திருந்தால் நாம் இதனை இப்போது எழுத வேண்டியதில்லை. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணியோடு பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடியும் மூடப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் முதலாம் திகதி வரை நாடே முடக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் பெற்றோர் அதே கேள்வியோடு நின்றனர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட வேளையில், கட்டணத்தை உயர்த்தாமல் முன்பள்ளி நடத்தவும் முடியவில்லை, உயர்த்திய கட்டணத்தைச் செலுத்தப் பெற்றோராலும் முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் வந்தபோதும் வகுப்பறைகள் மூடப்பட்டன. தொற்று, எரிபொருள், வெள்ளம் எனக் காரணங்கள் மாறுகின்றன. மூடப்பட்ட நாட்களுக்குரிய கணக்கைத் தீர்க்கும் விதி மாத்திரம் எழுதப்படவில்லை.

எத்தகைய விதி வேண்டும் என்பதில் நமக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. அரச உத்தரவினால் மூடப்படும் நாட்களுக்கு முழுக் கட்டணம் அறவிடப்படலாகாது. அதே வேளை, கட்டணமே இல்லை என்று கூறி ஆசிரியையின் அடுப்பை அணைப்பதும் தகாது. இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட மூடலின் போது பெற்றோர் செலுத்த வேண்டிய குறைந்தபட்சப் பங்கு எவ்வளவு என்பது மாகாண மட்டத்தில் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட வேண்டும். எஞ்சியதில் ஒரு பகுதியை, பதிவு செய்யப்பட்ட நிலையங்களின் ஆசிரியைகளுக்கு நேரடிக் கொடுப்பனவாக அரசு ஏற்க வேண்டும். இவ்வாறு செய்தால், பதிவு செய்யாத நிலையங்களும் தாமாகவே பதிவுக்கு வரும். கட்டண நிலுவையைக் காரணங்காட்டிப் பிள்ளையின் இடத்தைப் பறிப்பது அக்காலப்பகுதியில் தடை செய்யப்பட வேண்டும். சுகாதாரத் துறையிலும் ஏனைய அத்தியாவசியச் சேவைகளிலும் உள்ளோரின் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஒரு நிலையமாவது, பாதுகாப்பு ஏற்பாடுகளோடு திறந்திருக்க வேண்டும். செலவு எங்கிருந்து வரும் என்று திறைசேரி கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால், இச்செலவு அன்றும் இருக்கவே செய்தது. திறைசேரிக்குப் பதிலாகத் தாய்மாரும் ஆசிரியைகளும் அதனைச் செலுத்தினர் என்பதே வேறுபாடு.

சர்வதேச ஆலோசகர்களைக் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி அனுமதிக்காக முன்பள்ளிகள் பெற்றோரிடம் ஒரு படிவத்தை வழங்குகின்றன. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, இரத்த வகை, ஒவ்வாமை, தடுப்பூசி விபரம், அழைத்துச் செல்ல வருபவரின் அடையாள அட்டை இலக்கம் என்று இரண்டு பக்கங்கள் நிரப்பப்பட வேண்டியுள்ளன. அண்மையில் நாம் பார்க்க நேர்ந்த அத்தகைய சில படிவங்களில், மாதத்தின் ஐந்தாம் திகதிக்கு முன் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்பது தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நிலையம் மூடப்பட்டால் என்ன நடக்கும் என்பது பற்றி ஒரு வரி கூட அவற்றில் இருக்கவில்லை.