அந்த 300 பேர் எங்கே, பாஸ்?

ஒரு கையில் பேஸ்பால் மட்டை, இன்னொரு கையில் மெகாபோன். இந்த கெட்டப்பில் உங்க பிரின்ஸிபால் காரிடாரில் நடந்து வந்தால் எப்படி இருக்கும்? 'ஐயோ சாமி, ஆளை விடுங்க'னு ஓடாதீங்க. நான் சொல்ல வந்தது சினிமா பிரின்ஸிபால் பத்தி!

படம், 'லீன் ஆன் மீ'. 1989-ல் வந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், பேட்டர்ஸன் நகரத்தில் இருக்கும் ஈஸ்ட்சைடு ஹைஸ்கூல்தான் களம். சுவரெல்லாம் கிறுக்கல், காரிடாரில் போதை வியாபாரம், அடிதடியை விலக்கப்போன வாத்தியாருக்கே செம அடி. அங்கே பிரின்ஸிபாலாக வந்து இறங்குகிறார் ஜோ கிளார்க். நடித்திருப்பவர் மார்கன் ஃப்ரீமேன். மனுஷன் பின்னியிருக்கார்!

கிளார்க் நிஜ மனிதர். ராணுவ ரிசர்வ் படையில் டிரில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவர். 1982-ல் ஈஸ்ட்சைடுக்கு வந்ததும், அடிதடி, போதைப்பொருள், ஆசிரியர்களைத் திட்டியது என்று காரணம் சொல்லி சுமார் 300 பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பினார். 1988-ல் 'டைம்' பத்திரிகை அட்டையில், கையில் மட்டையோடு போஸ் கொடுத்தார். ஜனாதிபதி ரீகனே அவரைப் பாராட்டினார்.

போன வாரம் ஹாஸ்டலில் ஒரே லேப்டாப் முன்னாடி எட்டு பேர் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் ஆரம்பித்தது பஞ்சாயத்து.

"இப்படி ஒருத்தர்தான்டா எல்லா ஸ்கூலுக்கும் வேணும்!" இது ஒரு கோஷ்டி. அந்த 300 பேரை மேடையில் ஏற்றி, மொத்தமாக வெளியே துரத்தும் சீனுக்கு விசில் அடித்ததும் இவர்கள்தான். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. "மத்தப் பசங்க தினமும் பயந்துக்கிட்டே ஸ்கூலுக்கு வரணுமா?"

"இவர் பிரின்ஸிபாலா, ஜெயிலரா?" இது எதிர்க் கோஷ்டி. மொஸார்ட் சொல்லிக்கொடுத்த மியூசிக் டீச்சரை வேலையை விட்டுத் தூக்குகிறார். வெளியாட்கள் நுழையக் கூடாதென்று கதவுகளுக்குச் சங்கிலி போடுகிறார். தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக ஓடுவார்கள்?

ரெண்டு பக்கமும் சேராமல் ஒருத்தன் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "என்னடா, உன் தீர்ப்பு என்ன?" என்றதும் மெதுவாகச் சொன்னான். "ஒன்பதாவதுல எனக்கு டி.சி. கொடுத்து அனுப்பிட்டாங்கடா. நான் எவனையும் அடிக்கல. கணக்குல வீக். அவங்களுக்குப் பத்தாவதுல நூறு சதவிகித ரிசல்ட் வேணும், அவ்ளோதான்."

ரூம் சைலன்ட். இந்த மாதிரி டி.சி. வாங்கியவர்கள் உங்க வகுப்பிலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்க.

சரி, ஒரு சின்னக் கணக்கு. 100 பேரில் 60 பேர் பாஸ் என்றால் 60 சதவிகிதம். ஃபெயிலாகப் போகிற 10 பேரை முன்னாடியே அனுப்பிவிட்டால்? 90-க்கு 60. கிட்டத்தட்ட 67 சதவிகிதம். ஒருத்தர்கூடப் புதுசா ஒரு எழுத்துகூடக் கத்துக்கல. ஆனால் ரிசல்ட் ஏறிடுச்சு!

படத்தின் க்ளைமாக்ஸும் ஒரு ரிசல்ட்தான். தேர்வில் தேறாவிட்டால் பள்ளியை மாநில அரசு எடுத்துக்கொள்ளும். கடைசி நிமிஷத்தில் நாலில் மூணு பங்குக்கு மேல் பாஸ், ஒரே ஆரவாரம்! டைரக்டர் ஜான் ஆவில்ட்சன் யார் தெரியுமா? 'ராக்கி', 'கராத்தே கிட்' எடுத்தவர். கடைசியில் ஒரு ஃபைட் வைத்து நம்மைக் கைதட்ட வைப்பது அவருக்குக் கைவந்த கலை. இங்கே ஃபைட்டுக்குப் பதில் எக்ஸாம்.

நிஜக் கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. கிளார்க் வந்தபிறகு பள்ளி சுத்தமானது, அடிதடி குறைந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால், படத்தில் வருவது மாதிரி மார்க் ஒரே தாவாகத் தாவவில்லை. படம் வந்த வருஷமே அவர் பள்ளியை விட்டுப் போனார். 1991-ல் பேட்டர்ஸனின் பள்ளி நிர்வாகம் மொத்தத்தையும் மாநில அரசே எடுத்துக்கொண்டது. பிறகு கிளார்க், எஸ்ஸெக்ஸ் கவுன்ட்டியில் சிறார் காவல் இல்லத்துக்குத் தலைவரானார். அங்கே பிள்ளைகளை விலங்கு மாட்டிக் கட்டிவைப்பதாகக் கண்டனம் கிளம்ப, 2002-ல் ராஜினாமா செய்தார். 2020-ல், 82 வயதில் இறந்தார்.

அப்போ படம் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. துரத்தப்பட்டவர்களில் சாம்ஸ் என்ற சின்னப் பையன் திரும்பி வந்து கெஞ்சுகிறான். கிளார்க் அவனை மொட்டைமாடிக்கு இழுத்துப் போய், போதையால் சாகத்தான் போறேன்னா இப்பவே குதின்னு கத்துகிறார். பையன் அழுகிறான். கடைசியில் அவனுக்கு இன்னொரு சான்ஸ் கிடைக்கிறது. அப்புறம் அவன் ஒழுங்காகப் படிக்கிறான். எனக்குப் படத்திலேயே பிடித்த விஷயம் இதுதான். கேள்வியும் இங்கேதான் வருது. ஒரு சாம்ஸ் திருந்த முடியுமென்றால், மீதி 299 பேரில் எத்தனை சாம்ஸ் இருந்திருப்பார்கள்? அவர்களைத் தேடி கேமரா போகவே இல்லை.

கத்தியோடு வருகிறவனை நிறுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வாசலோடு ஒரு ஸ்கூலின் வேலை முடிந்துவிடுமா? அடுத்து அவன் எங்கே போவான் என்று யாராவது ஒருத்தர் கேட்க வேண்டாமா?

ஃப்ரெண்ட்ஸோடு சேர்ந்து படத்தைப் பாருங்க. அந்த மேடை சீனில் விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி, பக்கத்தில் யார் சும்மா இருக்காங்கன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. எங்க ரூமில் அப்படி ஒருத்தன் இருந்தான். டி.சி.க்கு அப்புறம் வேற ஸ்கூலில் ஒரு கணக்கு வாத்தியார் அவனைத் தினமும் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். இன்னைக்கு எங்க கிளாஸில் மேத்ஸ் டவுட் என்றால் நாங்க போய் நிற்கிறது அவன்கிட்டதான்.

அடுத்த வாரம் பார்க்கலாம்!