கிளித்தட்டுக்கு ஒரு பாடவேளை

1881இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்தன. செங்கல்லால் நகரை மீண்டும் எழுப்பச் சூளைகள் எரிந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் ரயில்வே வந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் ரயில்வே குடியிருப்புகளில் குடும்பமாக வேரூன்றினார்கள். வீட்டு வாசலும் சந்துமே பிள்ளைகளுக்குத் திடல். கிட்டிப்புள், அஞ்சாங்கல், கோலி, கிளித்தட்டு எதையும் எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. அக்காவிடமிருந்து தங்கைக்கு வந்தது.

பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. குடியிருப்புகள் இடிபட்டன, அடுக்குமாடிகள் எழுந்தன. இன்று இங்குள்ள ஒரு பிள்ளை பத்துப் பேரோடு சேர்ந்து ஓடக்கூடிய இடம் அநேகமாகப் பள்ளிக்கூடம் மட்டும்தான்.

2022ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு, மலேசிய இடைநிலைப் பள்ளி மாணவர்களில் நான்கில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னது. பெற்றோரைத் தூங்கவிடக் கூடாத செய்தி இது. விளையாட்டு இதற்கு மருந்தாகிவிடாது. ஆனால் பிள்ளையின் அன்றாட மனநிலையைத் தொடும் வழிகளில் இவ்வளவு மலிவானது வேறில்லை.

கிளித்தட்டையே பாருங்கள். மலாய்ப் பிள்ளைகளின் காலா பாஞ்சாங்கும் ஏறக்குறைய இதே ஆட்டம்தான். பூப்பந்துத் திடலின் கோடுகளே போதும். குறுக்குக் கோட்டில் ஒருத்தி இரண்டு கையையும் விரித்து நிற்கிறாள். எதிரே நிற்பவள் இடப்பக்கம் பாய்வதுபோலக் காட்டி வலப்பக்கம் நுழைகிறாள். நடுக்கோட்டைக் காக்கும் ‘கிளி’ ஓடிவந்து முதுகைத் தொட்டுவிடுகிறாள். ஒரே கூச்சல். “தொடல!” “தொட்டாச்சுடி!” வழக்கைப் பிள்ளைகளே தீர்த்துக்கொள்கிறார்கள், மறு நிமிடம் கட்சிகள் இடம் மாறுகின்றன. தோற்றவள் ஓரத்தில் உட்கார வேண்டியதில்லை, அடுத்த ஆட்டத்தில் அவளே கிளி. ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வரும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

ஸ்பெயினில் ஆய்வாளர் பெரே லவேகாவும் அவருடைய குழுவினரும் மரபு விளையாட்டுகள் எழுப்பும் உணர்ச்சிகளை உடற்கல்வி மாணவர்களிடம் அளந்தார்கள். சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் மகிழ்ச்சி மேலோங்கியது. வெற்றி தோல்வி எண்ணப்பட்டபோது, தோற்றவர்களிடம் கசப்பு கூடியது. நம் பள்ளிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 2011இல் தொடங்கிய புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் உடற்கல்வியில் மரபு விளையாட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதைக் கோப்பைக்கும் சான்றிதழுக்குமான போட்டியாக மாற்றிவிட்டால், தேர்ந்த எட்டுப் பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். கிளித்தட்டின் உயிர் அங்கேயே போய்விடும்.

இன்னொரு கேடு நாமே செய்தது. யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் ஆறாம் ஆண்டின் உடற்கல்வி நேரத்தைக் கணிதம் விழுங்கியதைப் பெற்றோரான நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம். அந்தத் தேர்வு 2021இல் ஒழிந்தது, பழக்கம் ஒழிந்ததா?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நிமிடம் பிள்ளைகள் உண்மையில் திடலில் இருக்கிறார்கள்? கிளித்தட்டு தெரிந்த பாட்டிமார் பிரிக்பீல்ட்ஸில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாள் அவர்களையும் பள்ளிக்கு அழையுங்கள்.